கூரையை மூடும்போது என்ஜின் ஓடணுமா, வேண்டாமா?

காரைக்கால்லேர்ந்து பேசுறேன். ஐப்பசி மாசம், ஜன்னலுக்கு வெளிய மழை. ரெக்கார்டிங்ல அந்தச் சத்தம் கொஞ்சம் கேட்டா பொறுத்துக்குங்க. இன்னிக்கு சொல்லப்போற கதைக்கும் மழைதான் காரணம், அதனால அது கூடவே இருக்கட்டும்.

வழக்கமா இந்த நிகழ்ச்சியில கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னிக்கு ஒரு காரைப் பத்திப் பேசப்போறேன். பட்டனை அமுக்கினா கூரை தானா மடங்கிப் பின்னாடி போயிடும் பாருங்க, அந்த வகைக் கார். நம்மள்ல எத்தனை பேர்கிட்ட அது இருக்குன்னு கேட்டா, அநேகமா யார்கிட்டயும் இல்லை. ஆனா இதுல நான் ஒரு தப்பு பண்ணினேன். இன்ஜினியரிங் படிச்சவன்கிற நம்பிக்கையில ஒருத்தருக்கு ஒரு வரி யோசனை சொன்னேன். அந்த ஒரு வரியால ஒரு பையன் கையில நாலு தையல் விழுந்துச்சு. அதைச் சொல்லாம இருக்க முடியல.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம். குவைத்துல பல வருஷம் டிரைவரா இருந்துட்டு ஊருக்கு வந்தவர். கையில இருந்த காசோட கொஞ்சம் கடனும் போட்டு, சென்னையில ஒரு பழைய கன்வெர்ட்டிபிள் வாங்கினார். இரண்டு கதவு, கறுப்புத் துணிக்கூரை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுறதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். நம்ம பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் இல்லாம எப்படி? மாங்கனித் திருவிழாவே பரமதத்தர் மாப்பிள்ளை அழைப்புலதான் தொடங்குது. அந்த ஊர்க்காரங்களுக்கு ஊர்வலத்தோட அருமையைச் சொல்லியா தரணும்?

காரைக் கொண்டுவந்த அன்னிக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பட்டனை அமுக்கினார். கண்ணாடி நாலும் இறங்குது, கூரை எழும்புது, மடியுது, பின்னாடி மூடிக்குள்ள போயி உக்காருது. தெருப் பசங்க கைதட்டினாங்க. அப்போ அண்ணன் கேட்டார், "தம்பி, இதைத் திறந்து மூடும்போது என்ஜின் ஓடணுமா, இல்ல சாவியை மட்டும் போட்டா போதுமா?"

நான் யோசிக்காம சொன்னேன்: "அண்ணே, அது கரண்ட் மோட்டார். என்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சாவி ஆன்ல இருந்தா போதும். எதுக்குப் பெட்ரோலை வீணாக்குறீங்க?"

அவர் அதை அப்படியே மனசுல வச்சிக்கிட்டார். படிச்ச தம்பி சொல்லிடுச்சில்ல.

ஒரு வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதுதான் இதுல மோசமான விஷயம். தப்பான யோசனை உடனே தோத்துட்டா நாம கத்துக்குவோம். ஒரு வருஷம் ஓடிச்சுன்னா அது சரின்னே நம்பிடுவோம். சாஃப்ட்வேர்லயும் இதேதான். டெஸ்ட் பண்ணும்போது ஓடுற புரோகிராம், கூட்டம் வர்ற அன்னிக்குத்தான் படுக்கும்.

போன வருஷம் இதே ஐப்பசி. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பிள்ளையார் கோவில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் கார்ல. நாயனம், மேளம் முன்னாடி. சொந்தக்காரங்க பின்னாடி. அலங்காரம் பண்ணினவங்க சீரியல் லைட்டை கார் பேட்டரியிலேர்ந்தே எடுத்திருந்தாங்க. பாட்டுச் சத்தம் வேற. கார் நடக்கிற வேகத்துல போவுது, பத்தடிக்கு ஒரு தடவை நிக்குது. நிக்கும்போதெல்லாம் பின்னாடி வர்ற பொம்பளைங்க மேல புகை அடிக்குதுன்னு அண்ணன் என்ஜினை ஆஃப் பண்ணிடறார். லைட்டு எரியுது, பாட்டு ஓடுது. ஒன்றரை மணி நேரம் இப்படிப் போச்சு.

மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மழை. நம்ம கடற்கரை மழை தெரியும்ல, முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, கொட்டும். அண்ணன் என்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே பட்டனை அமுக்கினார். கூரை பாதி எழுந்துச்சு. அப்படியே நின்னுச்சு. மறுபடி அமுக்கினார், அசையல. சரி, என்ஜினைப் போடுவோம்னு சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

பட்டுப்புடவையில பொண்ணு நனையுது. எல்லாரும் கத்துறாங்க. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பக்கமும் கூரைச் சட்டத்தைப் பிடிச்சு இழுத்தாங்க. ஒரு பக்கம் மடங்கிச்சு, இன்னொரு பக்கம் மடங்கல. சட்டத்துக்கு நடுவுல ஒரு பையனோட கை. பதினேழு வயசுப் பையன். நாலு தையல். எலும்புக்கு ஒண்ணும் ஆகல, அந்த மட்டும் தப்பிச்சோம். வளைஞ்ச சட்டத்தைச் சரிபண்ண சென்னைக்கு எடுத்துட்டுப் போக வேண்டியதாச்சு. அந்த சீசன்ல வந்த மத்த எல்லா அட்வான்ஸையும் அண்ணன் திருப்பிக் குடுத்தார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "நீ சொன்னதாலதான்"னு ஒரு தடவைகூடச் சொல்லல. அது திட்டினதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் நான் மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டுப் போனேன். எங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் கூட இருந்தார். இனிமே சொல்றதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் குடுத்ததும், நான் உக்காந்து கணக்குப் போட்டதும்.

முதல்ல ஒரு கணக்கு. கூரையை இயக்குறது பெரும்பாலும் ஒரு மின்சாரப் பம்பு. அது எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் சிலிண்டரை நீட்டும், சிலிண்டர் கூரையைத் தூக்கும். ஜேசிபியோட கை எப்படித் தூக்குதோ அதே மாதிரிதான், சின்ன அளவுல. சில கார்ல எண்ணெய் இல்லாம நேரடியா மோட்டாரே தூக்கும். எதுவா இருந்தாலும் இழுக்கிற கரண்டு பத்துக்கணக்கான ஆம்பியர். 40 ஆம்பியர்னு வச்சுக்குவோம். 20 விநாடி ஓடுதுன்னு வச்சுக்குவோம். பெருக்கினா 800 ஆம்பியர்-விநாடி. மணிக்கணக்குல மாத்தினா 0.22 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில இது அரை சதவீதம்கூட இல்லை.

இந்தக் கணக்கைப் பாத்தா நான் சொன்னது சரின்னுதான் தோணும். ஒரு தடவை திறந்து மூடினா பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? ஆமா, ஆகாது. ஆனா நான் பாக்க வேண்டியது அந்தக் கணக்கே இல்ல.

பேட்டரியில எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறது ஒரு கேள்வி. 40 ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு கீழ விழுதுங்கிறது வேற கேள்வி. மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி நிறைய இருக்கலாம். குழாய் அடைச்சிருந்தா, திறந்தவுடனே வேகம் செத்துடும். பேட்டரிக்குள்ளயும் அப்படி ஒரு அடைப்பு இருக்கு. உள்மின்தடைன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருக்கோம். பேட்டரி வயசாக வயசாக அது கூடும். அதோட, கடற்கரை ஊர்ல பேட்டரி முனையில வெள்ளையாவும் பச்சையாவும் பொடி பூக்கும் பாருங்க, உப்புக்காத்து பட்டு, அதுவும் ஒரு தடைதான்.

நாங்க அளந்தது இதுதான். அந்தப் பழைய பேட்டரியை முழுசா சார்ஜ் போட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில பாத்தா 12.1 வோல்ட். நல்ல பேட்டரின்னா 12.6 காட்டணும். 12.1ன்னா பாதிக்கும் கீழ இருக்குன்னு அர்த்தம். பட்டனை அமுக்கினோம், 10.6க்கு விழுந்துச்சு. கூரையைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் ஒரு எல்லைக்குக் கீழ வோல்ட்டேஜ் போனா வேலையை நிறுத்திடும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கொஞ்சமாவது மிச்சம் வைக்கணும்னு அது அப்படிச் செய்யுது. புது பேட்டரி போட்டு, முனையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் 12.6லேர்ந்து 12.1க்குத்தான் விழுந்துச்சு. என்ஜினை ஓட விட்டு அமுக்கினோம், 14.1லேர்ந்து 13.7. பாத்தீங்களா? என்ஜின் ஓடும்போது பாரத்தை ஆல்டர்னேட்டர் தாங்குது. பேட்டரி சும்மா துணைக்கு நிக்குது.

இப்போ ஊர்வலக் கணக்கைப் போடுங்க. லைட்டு, பாட்டு, காத்து எல்லாம் சேர்த்து 15 ஆம்பியர். ஒன்றரை மணி நேரம். 22 ஆம்பியர்-மணி. புது பேட்டரியில மூணுல ஒரு பங்கு. பாதி செத்த பேட்டரியில கிட்டத்தட்ட எல்லாமே. நடுவுல என்ஜின் ஓடின நேரமும் பெருசா உதவல. என்ஜின் மெதுவா ஓடும்போது ஆல்டர்னேட்டரால அதோட முழு அளவுக்குக் கரண்டு தர முடியாது. அதுலயும் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் நூத்துக்கும் மேல ஆம்பியரை ஸ்டார்ட்டர் இழுக்கும். பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டா என்ன மிஞ்சும்? கடைசியில கூரை எழும்பி, பாரம் கூடுற இடத்துல, மூச்சு வாங்கி நின்னுடுச்சு.

"என்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொன்னேன்ல? வரலாற்றைப் பாத்தா அந்த வாக்கியமே தப்பு. 1939ல அமெரிக்காவுல பிளைமவுத் கம்பெனி, தானா மடங்குற துணிக்கூரையோட ஒரு கார் விட்டுச்சு. அதை இயக்கினது கரண்டு இல்ல, என்ஜின் காத்தை உறிஞ்சும்போது உண்டாகுற வெற்றிடம். என்ஜின் ஓடாட்டி வெற்றிடம் இல்ல, வெற்றிடம் இல்லாட்டி கூரை இல்ல. அந்தக் கார்ல இந்தக் கேள்வியே எழாது.

அதுக்கு முன்னாடியே பிரான்ஸ்ல ஒரு கதை இருக்கு. காரைக்கால்காரன் பிரான்ஸ் கதை சொல்லாம விடுவேனா? 1954 வரைக்கும் நம்ம ஊர் அவங்க கையிலதானே இருந்துச்சு. ஜோர்ஜ் போலன்னு ஒருத்தர். தொழில் பல் வைத்தியம். ஆனா மனசு முழுக்க கார் வடிவமைப்பு. இரும்புக் கூரை முழுசா பின்னாடி டிக்கிக்குள்ள போற மாதிரி ஒரு அமைப்பைக் கண்டுபிடிச்சு காப்புரிமை வாங்கினார். பியூஜோ கம்பெனி அதை 1930கள்ல எக்லிப்ஸ்ங்கிற பேர்ல கொண்டு வந்துச்சு. எக்லிப்ஸ்னா கிரகணம். 402 எக்லிப்ஸ் முதல்ல மின்சாரக் கூரையோட வந்துச்சு. 1936ல கையால இயக்குற கூரைக்கு மாத்திட்டாங்க. போலன் அப்புறம் நாஜிகளுக்கு எதிரா ரகசியமா வேலை செஞ்சார். 1942ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஒரு பட்டனுக்குப் பின்னாடி இப்படி ஒரு மனுஷன் இருந்திருக்கார்னு எனக்கு இதுக்கு முன்னாடி தெரியாது.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்காக இன்னொண்ணு. 1957லேர்ந்து 1959 வரைக்கும் ஃபோர்டு கம்பெனி ஸ்கைலைனர்னு ஒரு கார் வித்துச்சு. பெரிய இரும்புக் கூரை, முழுக்க மின்சாரம். கம்ப்யூட்டர் கிடையாது. 10 ரிலே, 10 லிமிட் ஸ்விட்ச், 8 சர்க்யூட் பிரேக்கர், 600 அடிக்கு மேல ஒயர். ஒரு வேலை முடிஞ்சதுன்னு ஒரு ஸ்விட்ச் சொன்னாதான் அடுத்த வேலை தொடங்கும். நாம இன்னிக்கு ஸ்டேட் மெஷின்னு எழுதுறோமே, அதை அவங்க ரிலேயில கட்டியிருக்காங்க. இன்னிக்கு இருக்கிற கார்லயும் தத்துவம் அதேதான். டிக்கித் தடுப்பு கீழ இறங்கியிருக்கா, டிக்கி மூடியிருக்கா, கொக்கி விடுபட்டுச்சா, வோல்ட்டேஜ் போதுமா, எல்லாத்துக்கும் "ஆமா"ன்னு பதில் வந்தாதான் நகரும். ஒண்ணு "இல்ல"ன்னாலும் நின்னுடும். அப்படி நின்ன கூரையைக் கையால இழுக்கிறது, பாதியில நிக்கிற புரோகிராமோட டேட்டாவை நாமளே உள்ள புகுந்து மாத்துற மாதிரி. அதுக்கு ஒரு முறை இருக்கு. காரோட கையேட்டுல எழுதியிருக்கும். எண்ணெய் அழுத்தத்தை முதல்ல விடுவிக்கணும், அப்புறம்தான் கை வைக்கணும். அதை நாங்க யாரும் படிக்கல.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடியல.

அண்ணனுக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். "அண்ணே, நான் சொன்னது தப்பு. இனிமே கூரையைத் தொடும்போதெல்லாம் என்ஜின் ஓடட்டும்." அவர் தலையாட்டினார். கார்த்திகை மாசம் ஒரு நாள் மழையில அவர் ஷெட்டுக்குப் போனேன். ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருக்கு, சாரல் அடிக்குதுன்னு. உள்ள கார் ஓடிக்கிட்டு இருக்கு. கூரையைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பாத்துக்கிட்டு இருக்கார், சரியாயிடுச்சான்னு. பத்து நிமிஷமா. "கொஞ்சம் தலை வலிக்குது தம்பி, ராத்திரி தூக்கம் இல்ல"ன்னார்.

எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. உள்ள புகுந்து சாவியை ஆஃப் பண்ணி, ஷட்டரை மேல தூக்கி, அவரை வெளிய இழுத்து மழையில உக்கார வச்சேன். தூக்கம் இல்லாததால வந்த தலைவலி இல்லை அது. கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். மூடின இடத்துல ஓடுற கார் ஆளையே கொல்லும். உடனே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். சாயங்காலம் அனுப்பிட்டாங்க. நல்லா இருக்கார்.

ஆனா பாருங்க, இரண்டாவது தடவையும் நான் ஒரு வரியிலதான் யோசனை சொல்லியிருக்கேன். முதல் தடவை "ஆஃப் போதும்"னேன். ரெண்டாவது தடவை "எப்பவும் ஆன்"னேன். ரெண்டுலயும் எந்த இடத்துல, எந்த நிலைமையில, ஏன் அப்படிங்கிறதைச் சொல்லல. அவர் என் பேச்சை ரெண்டு தடவையும் அப்படியே கேட்டார். கேட்டவர் மேல தப்பே இல்லை.

அதனால இப்போ முழுசா சொல்றேன். திறந்தவெளியில நிக்கிறீங்கன்னா என்ஜினை ஓட விட்டுட்டுக் கூரையை இயக்குங்க. பல கையேடுகள் சொல்றதும் அதுதான். முதல்ல என்ஜின், அது ஓடத் தொடங்கினதுக்கு அப்புறம் பட்டன். கூரை பாதியில இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஸ்டார்ட்டர் சுத்துற அந்த நொடியில வோல்ட்டேஜ் விழும், கூரை நின்னுடலாம். சிக்னல்ல தானா என்ஜின் அணையுற கார்னா அந்த வசதியை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க. ஷெட்டுக்குள்ள இருக்கீங்கன்னா, காரை வெளிய எடுத்துட்டு வந்து இயக்குங்க. உள்ளயேதான் செய்யணும்னா என்ஜினை அணைச்சு, நல்ல பேட்டரியோட, ஒரே ஒரு தடவை. பல கார்கள் இதுக்கு இடம் கொடுக்கும். மறுபடி மறுபடி போட்டுப் பாக்கணும்னா சார்ஜரை மாட்டிக்குங்க.

ஓடிக்கிட்டே திறக்கலாமான்னு கேப்பீங்க. அது காருக்குக் கார் மாறும். மினி கன்வெர்ட்டிபிள் 30 கி.மீ. வேகம் வரைக்கும் விடும், பிஎம்டபிள்யூ இசட்4 50 வரைக்கும் விடும். சில கார் நின்னாதான் அசையும். மஹிந்திரா தார்ல வந்த துணிக்கூரையில இந்தக் கேள்வியே கிடையாது, கையாலதான் மடிக்கணும். நம்ம பக்கத்து ஊர்வலத்துக்கு அதுவே பாதுகாப்போன்னு சில நேரம் தோணுது.

அப்புறம், நனைஞ்ச துணிக்கூரையை மடிச்சு வைக்காதீங்க. பூஞ்சை பிடிக்கும். கூரை நகரும்போது பட்டன்ல கை வச்சிருக்கிறவர் கண்ணு கூரை மேலயே இருக்கணும், சின்னப் பசங்க கை எங்க இருக்குன்னு பாக்கணும். பாதியில நின்னா யாரையும் தொட விடாதீங்க. சில கார்ல கொஞ்ச நிமிஷத்துல எண்ணெய் அழுத்தம் குறைஞ்சு கூரை தானா இறங்கும். பொண்ணு மாப்பிள்ளையை இறக்கி, குடையைப் பிடிச்சு, வேற வண்டியில ஏத்துங்க. வேற காரை ஓட விட்டு, ஜம்பர் கேபிள் போட்டு, சில நிமிஷம் பொறுத்து பட்டனை அமுக்கினா பெரும்பாலும் மூடிடும். அன்னிக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜம்பர் கேபிளும் அஞ்சு நிமிஷப் பொறுமையும்தான். ரெண்டும் இல்ல.

கையில அடிபட்ட பையன் இப்போ பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் சேர்ந்திருக்கான். போன மாசம் பீச் ரோட்டுல பாத்தேன். தழும்பைக் காட்டி, "அண்ணே, எதனால நின்னுச்சுன்னு இப்பவாவது கண்டுபிடிச்சீங்களா?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்த எபிசோடு. அரைமணி நேரம் ஆச்சு சொல்லி முடிக்க. ஒரு வரியில சொல்லல.

அண்ணன் இந்த சீசன்ல மறுபடி காரை இறக்கியிருக்கார். சீரியல் லைட்டுக்குத் தனி பேட்டரி. டிக்கியில ரெண்டு பெரிய குடை. டேஷ்போர்டுல, முருகன் படத்துக்குக் கீழ, அவர் கையாலயே எழுதி ஒட்டியிருக்கார்: "வெளிய – என்ஜின் போட்டு. ஷெட்டுல – வேண்டாம்."

உங்ககிட்ட யாராவது "நீ படிச்சவன்தானே, சொல்லு"ன்னு கேட்டா, ஒரு நிமிஷம் நிறுத்தி, "எங்க வச்சு, எப்போ செய்யப்போறீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. நான் கேக்காம விட்ட கேள்வி அதுதான்.

அடுத்த வாரம் பாப்போம். மழையில பத்திரமா போயிட்டு வாங்க.